ஆற்றுத் தண்ணீரில் நோய்க்கிருமிகளின் ஜீனோம் கண்காணிப்பு: முதல்முறை தொடங்குபவர்களுக்கு

ஆற்று நீரில் கிடைக்கும் நோய்க்கிருமிகளின் ஜீனோமை, அதாவது முழு டிஎன்ஏ எழுத்து வரிசையை, படித்துக் கண்காணிக்கும் வேலையில் நாங்கள் முதல்முறை இறங்கியபோது 24 ஜீனோம்களுக்குப் பணம் ஒதுக்கினோம். கடைசியில் அதில் பாதிகூடத் தேறவில்லை. அந்த வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங் கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. சில பாட்டில்களின் லேபிள் ஐஸ் தண்ணீரில் ஊறி அழிந்துவிட்டது. சில தட்டுகளில் ஒரே காலனி என்று நினைத்து எடுத்தது இரண்டு பாக்டீரியாவாக இருந்தது. மீதியில் பலவற்றுக்கு, மாதிரி எடுத்த நாளில் மழை பெய்திருந்ததா என்ற குறிப்பே இல்லை. அடுத்து வருபவர்களுக்காவது அந்தப் பணமும் உழைப்பும் மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆறு, வாய்க்கால், ஏரி, கழிமுகம் என இயற்கை நீர்நிலைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தட்டில் பாக்டீரியா வளர்க்கத் தெரியும், ஜீனோம் பக்கம் போனதில்லை என்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு கேள்வி, ஒரு கிருமி

"ஆற்றில் என்னென்ன கிருமிகள் இருக்கின்றன?" என்று தொடங்காதீர்கள். அதற்கு எவ்வளவு பணம் இருந்தாலும் போதாது. "மருத்துவமனை வடிகால் வந்து சேரும் இடத்துக்குக் கீழே கிடைக்கும் ஈ.கோலையும் நோயாளிகளிடம் கிடைக்கும் ஈ.கோலையும் ஒரே வம்சமா?" என்பதுபோல் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக வையுங்கள். ஈ.கோலை என்பது குடலில் வாழும் ஒரு பாக்டீரியா.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தண்ணீரை வடிகட்டி, அதிலுள்ள மொத்த டிஎன்ஏவையும் அப்படியே சீக்வென்ஸ் செய்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். இதற்கு மெட்டாஜீனோமிக்ஸ் என்று பெயர். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆற்று நீரில் ஒரு மி.லி.க்குச் சுமார் 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். அப்படியானால் 100 மி.லி.யில் 10 கோடி. அதே 100 மி.லி.யில் ஈ.கோலை 500 இருந்தால், அது இரண்டு லட்சத்தில் ஒன்று. நீங்கள் 1,000 கோடி எழுத்துகள் படித்தாலும் ஈ.கோலைக்குச் சுமார் 50 ஆயிரம் எழுத்துதான் கிடைக்கும். ஈ.கோலையின் ஜீனோமோ சுமார் 50 லட்சம் எழுத்து. நூற்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு எது யாருக்குச் சொந்தம் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே, ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுக்கள் மொத்தத்தில் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்க்க மெட்டாஜீனோமிக்ஸ் சரி. ஒரு கிருமி எங்கிருந்து வந்தது என்று தேட, அதை வளர்த்துத் தனியாகப் பிரித்துத்தான் ஆகவேண்டும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வழியைப் பற்றியது.

முதல் கிருமியாக ஈ.கோலையை எடுங்கள். எளிதில் வளரும், ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுத் தரவுத்தளங்களில் ஏராளமான ஜீனோம்கள் உண்டு. செஃபோடாக்சிம் மருந்தை எதிர்க்கும் ஈ.கோலையைக் கண்காணிக்க உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட 'ட்ரைசைக்கிள்' செயல்முறையை அப்படியே பின்பற்றலாம். டைஃபாய்டு உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபியில் தொடங்கவே வேண்டாம். தண்ணீரிலிருந்து அதை வளர்த்தெடுப்பது அனுபவம் உள்ளவர்களுக்கே பிடிகொடுக்காத வேலை.

2. ஆவணங்கள்: பாட்டில் வாங்குவதற்கு முன்பே

ஆய்வக வேலை வாரக்கணக்கில் முடிந்தது. காகித வேலைக்கு மாதக்கணக்கு ஆனது. இதை முதல் நாளே தொடங்குங்கள்.

நீர்நிலை யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் மாதிரி எடுக்க எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். கரை தனியார் நிலமாகவோ பாதுகாக்கப்பட்ட பகுதியாகவோ இருந்தால் அதற்குத் தனி அனுமதி. உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் இன்னொன்று. அதில் எந்தக் கிருமி, எந்த அறையில், கழிவை எப்படி ஆட்டோகிளேவ் செய்வீர்கள் என்று விவரமாகக் கேட்பார்கள். இந்தக் கிருமிகளை வளர்க்க இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு ஆய்வகமாவது வேண்டும். மருத்துவமனைக் கிருமிகளோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் அந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் சேரும்.

மாதிரியோ கல்ச்சரோ நாட்டை விட்டு வெளியே போகிறது என்றால் வேலை இன்னும் கூடும். 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையை ஏற்ற நாடுகள் பலவற்றில் உயிரியல் வளங்களை வெளியே அனுப்ப முன்அனுமதி வேண்டும். பெறுபவரோடு பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாதாரண நோய்க்கிருமி மாதிரிகள், ஆபத்தான பொருட்களுக்கான ஐ.நா. எண் 3373இன் கீழ், மூன்றடுக்குப் பொதியில் போகும். ஆனால் வெரோடாக்சின் சுரக்கும் ஈ.கோலை, ஷிகெல்லா டிசென்டரியே முதல் வகை போன்றவை கல்ச்சராகப் போனால் 2814 என்ற கடுமையான பிரிவுக்குள் வந்துவிடும். பொதி, கட்டணம், கூரியர் சம்மதம் எல்லாமே மாறும். எங்கள் பொதி ஒன்று இந்தக் குழப்பத்தில் கிடங்கில் நின்றுவிட்டது. உள்ளே வைத்த உலர்பனி ஆவியாகித் தீர்ந்த பிறகுதான் திரும்பி வந்தது. அதன்பிறகு நாங்கள் கல்ச்சர் அனுப்புவதே இல்லை. டிஎன்ஏவை இங்கேயே பிரித்து, அதில் உயிருள்ள பாக்டீரியா இல்லை என்று தட்டில் தடவிச் சோதித்து, அந்தக் குறிப்போடு அனுப்புகிறோம். உலர்பனியும் தேவைப்படவில்லை.

கடைசியாக ஒரு தாள்: தரவுப் பகிர்வு ஒப்பந்தம். முடிவு வந்தால் முதலில் யாருக்குச் சொல்வது, இடத்தின் பெயரைப் பொதுவில் போடலாமா, எத்தனை நாளில் தரவைத் திறப்பது என்பதை எல்லோரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிருமி கிடைத்த பிறகு இதைப் பேச உட்கார்ந்தால் சுமுகமாக முடியாது.

3. இடமும் நாளும்

ஒரே நாளில் 50 இடங்களில் எடுப்பதைவிட, ஐந்தாறு இடங்களில் மாதந்தோறும் எடுப்பது மேல். சந்தேகப்படும் வடிகாலுக்கு மேலே, நீர் வரும் பக்கத்தில் ஓரிடம், அது கலக்கும் இடத்துக்குக் கீழே நீர் நன்றாகக் கலந்த பிறகு ஓரிடம், இரண்டும் கட்டாயம். மேலே எடுக்காமல் கீழே மட்டும் எடுத்தால், வடிகால்தான் காரணம் என்று உங்களால் சொல்லவே முடியாது. மழைக்குப் பிறகு கரையிலிருக்கும் கழிவெல்லாம் ஆற்றில் இறங்கும். அதனால் குறித்த நாள் மாதிரிகளோடு மழைக்குப் பிந்தைய மாதிரிகளையும் தனியாகத் திட்டமிடுங்கள். இரண்டையும் கலந்து கணக்குப் போடாதீர்கள்.

4. மாதிரி எடுக்கும் நாள்

லேபிளை முந்தைய நாளே, பாட்டில் காய்ந்திருக்கும்போது ஒட்டுங்கள். மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் மாறிப்போகும். ஆல்கஹால் பட்டாலும் அழியாத மார்க்கரால் எழுதி, மேலே ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள். அதே எண்ணைக் களப் படிவத்தில் பென்சிலால் எழுதுங்கள். நனைந்த தாளில் பென்சில் நிற்கும், பேனா மை பரவிவிடும்.

இருவராகப் போங்கள், வெள்ள நாளில் போகவே வேண்டாம். கையுறை போட்டு, நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, பாட்டிலைக் கவிழ்த்தபடி சுமார் 30 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, அங்கே வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிரப்புங்கள். உங்கள் கால் கிளறிய சேறு பாட்டிலுக்குள் வரக்கூடாது என்பதுதான் இதன் நோக்கம். மேலே இரண்டு விரல் அளவு காற்றுக்கு இடம் விடுங்கள், பிறகு குலுக்க அது வேண்டும். குளோரின் போட்ட கழிவுநீர் வெளிவரும் இடமென்றால் சோடியம் தயோசல்ஃபேட் இட்ட பாட்டில் வேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடும்.

ஐஸ் பெட்டியில் பாட்டில் நேரடியாக ஐஸைத் தொடக்கூடாது, நடுவில் தடுப்பு வையுங்கள். காலரா கிருமியான விப்ரியோவைத் தேடுகிறீர்கள் என்றால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். அதிகம் குளிர்ந்தால் அது உயிரோடு இருந்தும் தட்டில் வளராத நிலைக்குப் போய்விடும். மிதமான குளிர்ச்சி போதும். எந்தக் கிருமியானாலும் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஆய்வக மேசைக்கு வந்துவிடவேண்டும். 24 மணி நேரம் தாண்டியதை நான் பயன்படுத்துவதில்லை.

ஒவ்வொரு பயணத்திலும் கிருமிநீக்கிய தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலைக் கூடவே கொண்டுபோய், கரையில் திறந்து மூடி, மற்றவற்றோடு சேர்த்தே திரும்பக் கொண்டுவாருங்கள். அதில் ஏதாவது வளர்ந்தால் அன்றைய மாதிரிகள் எதையும் நம்ப முடியாது. செலவு ஒரு பாட்டில்தான்.

கிருமி குறைவாக இருக்கும் என்று தெரிந்தால் மூர் ஸ்வாப் நல்ல வழி. காஸ் துணியைச் சுருட்டிக் கட்டி, நீரோட்டத்தில் ஒன்று முதல் மூன்று நாள் தொங்கவிட்டு எடுப்பது. அவ்வளவு நேரம் ஓடிய தண்ணீரை அது வடிகட்டியிருக்கும். எண்ணிக்கை சொல்ல உதவாது, இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். கட்டும் கயிறு கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். எங்களுடையதில் பல காணாமல் போயின.

படிவத்தில் இவை கட்டாயம்: தேதி, மணி, அட்சரேகை தீர்க்கரேகை, நீரின் வெப்பம், பிஎச், கலங்கல், உப்புத்தன்மை, கடந்த மூன்று நாள் மழை, அருகில் கால்நடையோ குளிப்பவர்களோ துணி துவைப்பவர்களோ இருந்தார்களா என்பது.

5. வளர்ப்பும் ஒற்றைக் காலனியும்

0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் தண்ணீரை வடிகட்டுவதுதான் வழக்கம். கலங்கல் நீரில் தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 100 மி.லி.யை ஒரே தாளில் திணிக்காமல், 1, 10, 50 மி.லி. எனப் பிரித்து வடிகட்டுங்கள்.

ஈ.கோலையை நேரடியாகத் தட்டில் வைக்கலாம். விப்ரியோவுக்குக் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வளர்த்து, பிறகு விப்ரியோவுக்கான டிசிபிஎஸ் தட்டு. அதில் வரும் மஞ்சள் காலனியெல்லாம் காலரா அல்ல, வேறு விப்ரியோக்களும் மஞ்சளாகவே வரும். சால்மோனெல்லாவுக்கு இரண்டு கட்ட வளர்ப்பு வேண்டும் என்பதால் இன்னும் ஒருநாள் கூடும்.

இனி நான் அதிகம் இழந்த இடம். ஆற்று நீர்த் தட்டில் காலனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளரும். வட்டமாக, தனியாக, அழகாகத் தெரிந்த ஒரு காலனியை எடுத்து டிஎன்ஏ பிரித்து அனுப்பினோம். ஜீனோமின் நீளம் ஒரு கோடி எழுத்தைத் தாண்டி வந்தது. 50 லட்சம் வரவேண்டிய ஈ.கோலை இரண்டு மடங்காகுமா? அடியில் படலமாக க்ளெப்சியெல்லா என்ற வேறு பாக்டீரியா இருந்திருக்கிறது. அந்தப் பணம் போனது போனதுதான். இப்போதெல்லாம் எடுத்த காலனியைப் புதுத் தட்டில் இழுத்து, அதிலிருந்து ஒன்றை எடுத்து மறுபடி இழுத்து, இரண்டு முறை தனித்த காலனி வந்த பிறகே அடுத்த வேலை. இரண்டு நாள் கூடுதலாகும், ஆகட்டும்.

அதற்காகத் திரும்பத் திரும்ப வளர்த்துக்கொண்டே போகாதீர்கள். எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தை பாக்டீரியா கழற்றிவிடலாம். எந்த ஆன்டிபயாட்டிக்கை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்களோ, அது கலந்த தட்டிலேயே தொடருங்கள்.

ஒரு மாதிரிக்கு ஒரே காலனி எடுப்பதும் தவறு. ஒரே ஆற்று மாதிரியில் ஈ.கோலையின் பல வம்சங்கள் இருக்கும். மூன்று முதல் ஐந்து வரை எடுங்கள். புரதங்களின் எடையை வைத்து அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவியில் இனம் உறுதி செய்யலாம், ஆனால் அது ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்லாது. பிறகு கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் இரண்டு குப்பிகள், முடிந்தால் இரண்டு வேறு ஃப்ரீசர்களில்.

6. டிஎன்ஏ

சுத்தமான கல்ச்சரிலிருந்து பிரிப்பதால் கடையில் கிடைக்கும் சாதாரண கிட் போதும். அளவை நானோட்ராப்பில் மட்டும் பார்த்து நம்பாதீர்கள். அது ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணி அதிகமாகக் காட்டும். அளவுக்கு டிஎன்ஏவை மட்டும் எண்ணும் கியூபிட் கருவி, சுத்தத்துக்கு நானோட்ராப் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானோட்ராப் காட்டும் 260/280 விகிதம் 1.8ஐ ஒட்டி இருந்தால் சரி. நீளமான துண்டுகள் வேண்டுமென்றால் குழாயை வேகமாகச் சுழற்றிக் கலக்காதீர்கள், மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள்.

7. சீக்வென்சிங்: நாமே செய்வதா, அனுப்புவதா?

இல்லுமினா கருவி குறுந்துண்டுகளைத் துல்லியமாகப் படிக்கும். வம்சம் ஒப்பிட அதுவே போதும். நானோபோர் கருவி நீளத் துண்டுகளைப் படிக்கும், எதிர்ப்பு மரபணு எந்தப் பிளாஸ்மிடில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க அது வேண்டும். வருடத்துக்கு நூறு ஜீனோமுக்குக் குறைவாகச் செய்பவர் பெரிய கருவி வாங்குவதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து. இல்லுமினாவை வெளியில் கொடுங்கள், தேவைப்பட்டால் நானோபோர் வகையைச் சேர்ந்த சிறிய மின்அயன் கருவியை உள்ளே வையுங்கள்.

எத்தனை மாதிரிகளை ஒன்றாக ஓட்டலாம் என்பதற்குக் கணக்கு எளிது. ஜீனோம் நீளம் 50 லட்சம், ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 50 முறை படிக்கவேண்டும், ஆக ஒரு மாதிரிக்கு 25 கோடி எழுத்து. 24 மாதிரிக்கு 600 கோடி. உங்கள் ஃப்ளோசெல் (கருவிக்குள் டிஎன்ஏ படிக்கப்படும் தகடு) வழக்கமாக எவ்வளவு தருகிறது என்று பார்த்து, அதில் மூன்றில் இரண்டு பங்குக்குத் திட்டமிடுங்கள். மாதிரிகளுக்கிடையே அளவு ஒருபோதும் சமமாகப் பிரியாது. நானோபோர் ஃப்ளோசெல்லைக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். வந்த அன்றே அதில் வேலை செய்யும் துளைகளின் எண்ணிக்கையைச் சோதித்துவிடுங்கள், உத்தரவாதக் காலத்துக்குள் குறை தெரிந்தால்தான் மாற்றித் தருவார்கள்.

வெளியில் கொடுத்தால் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: தரம் குறைந்தால் மறுபடி ஓட்டித் தருவார்களா, சலிக்காத மூலத் தரவு கிடைக்குமா, மீதி டிஎன்ஏ என்ன ஆகும். ஒவ்வொரு தொகுப்பிலும் ஜீனோம் ஏற்கெனவே தெரிந்த ஒரு பாக்டீரியாவையும், டிஎன்ஏ இல்லாத ஒரு வெற்றுக் குழாயையும் சேர்த்து அனுப்புங்கள்.

8. கணினி வேலை

ஃபாஸ்ட்பி மென்பொருள் கொண்டு தரம் குறைந்த துண்டுகளைச் சலித்து, கிராக்கன்2 கொண்டு வேறு இனம் கலந்திருக்கிறதா பார்த்து, ஸ்பேட்ஸ் அல்லது ஃப்ளை கொண்டு ஜீனோமை இணைத்து, நீளத்தைப் பாருங்கள். ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் 50 லட்சத்தை ஒட்டி, விப்ரியோ காலரே சுமார் 40 லட்சம். இதிலிருந்து அதிகம் விலகினால் அங்கேயே நிறுத்துங்கள். தேறியவற்றுக்கு வம்ச வகையும், ஏஎம்ஆர்ஃபைண்டர்பிளஸ் மென்பொருள் வழியாக எதிர்ப்பு மரபணுக்களும் பாருங்கள். மரபணு இருப்பதாலேயே மருந்து வேலை செய்யாது என்று எழுதிவிடாதீர்கள். சிலவற்றையாவது தட்டில் மருந்து வைத்துச் சோதியுங்கள்.

விப்ரியோ காலரே கிடைத்தால் பதறவேண்டாம். நீர்நிலைகளில் இயல்பாக வாழும் வகைகளில் பெரும்பாலானவை, பெருந்தொற்று உண்டாக்கும் ஓ1, ஓ139 வகைகள் அல்ல, காலரா நச்சு மரபணுவும் அவற்றில் இருக்காது. அந்த நச்சுக்கான சிடிஎக்ஸ்ஏ மரபணு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டு ஜீனோம்களுக்கு இடையே எத்தனை எழுத்து வேறுபாடு இருந்தால் "தொடர்பு உண்டு" என்று சொல்லலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எல்லாக் கிருமிக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. உங்கள் இடத்தில் சுற்றும் கிருமிகளோடு ஒப்பிட்டால்தான் எந்த எண்ணுக்கும் பொருள் வரும். 2010இல் ஹெய்ட்டியில், ஆர்ட்டிபோனிட் ஆற்றை ஒட்டிப் பரவிய காலராவின் மூலத்தை ஜீனோம் வழியாக உறுதி செய்ய முடிந்ததற்குக் காரணம், ஒப்பிட நேபாளத்துக் கிருமிகளின் ஜீனோம்களும் கைவசம் இருந்ததுதான். ஆற்றுக் கிருமியை மட்டும் வைத்து எந்த வம்ச மரமும் வரைய முடியாது. உள்ளூர் மருத்துவமனைக் கிருமிகளையும் விலங்குகளிடமிருந்து எடுத்தவற்றையும் சேர்க்க இப்போதே திட்டமிடுங்கள்.

9. தரவைப் பதிவேற்றுதல்

அமெரிக்காவின் என்சிபிஐ தரவு மையத்தின் பயோசாம்பிள் தளத்தில் நோய்க்கிருமிகளுக்கான சுற்றுச்சூழல் படிவத்தைத் தேர்ந்தெடுங்கள். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், இடத்தைத் தசம எண்ணில் கொடுங்கள். மாதிரிக்கு "3-5" போன்ற பெயர் வைக்காதீர்கள். மூன்றாம் இடம், ஐந்தாம் பாட்டில் என்று நீங்கள் எழுதியதை எக்செல் ஒரு தேதியாக மாற்றிவிடும். எங்கள் அட்டவணையில் ஒரு பத்தி முழுக்க அப்படி மாறியிருந்தது. பழைய களப் படிவத்தை எடுத்து, பென்சில் எழுத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். எழுத்தில் தொடங்கும் பெயராக வைத்தால் இந்தத் தொல்லை வராது.

மெட்டாஜீனோம் தரவானால் மனித டிஎன்ஏத் துண்டுகளை நீக்கிய பிறகே பதிவேற்றுங்கள். பதிவேற்றிய ஜீனோம்களை என்சிபிஐயின் நோய்க்கிருமி கண்டறியும் பக்கம் உலகெங்கும் இருந்து வந்தவற்றோடு தானாகவே ஒப்பிட்டு, நெருங்கியவை இருந்தால் காட்டும். அதற்குத் தனியாகக் கட்டணம் இல்லை.

10. பணமும் நாட்களும்

சீக்வென்சிங் கட்டணத்தை மட்டும் போட்டுத் திட்டம் எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பயண வண்டி, ஐஸ், வடிதாள், தட்டு, கையுறை, ஃப்ரீசருக்கு மின்சாரம், பொதி, சேமிப்பு வட்டு, கணினியில் உட்காரும் ஒருவரின் சம்பளம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். எங்கள் கணக்கில் மனித உழைப்புதான் எல்லாவற்றையும்விட அதிகம் வந்தது. ஐந்தில் ஒரு மாதிரியாவது மறுபடி செய்யவேண்டி வரும் என்று ஒதுக்குங்கள். கிட்டுகளின் காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று வாங்கியதில் எங்களுக்குப் பாதி வீணானது.

நாட்கணக்கு ஈ.கோலைக்கு இப்படி வரும். மாதிரி எடுத்த நாள் முதல் தூய கல்ச்சர் வரை நான்கைந்து நாள். டிஎன்ஏவுக்கு ஒருநாள், நூலகத் தயாரிப்புக்கு (டிஎன்ஏவைக் கருவிக்கு ஏற்றபடி தயார்செய்வதற்கு) ஒருநாள், ஓட்டத்துக்கு ஒன்று முதல் மூன்று நாள், கணினி வேலைக்கு இரண்டு நாள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் பன்னிரண்டு நாளில் முடியும். ஆனால் செலவைக் குறைக்க மாதிரிகளைச் சேர்த்துவைத்து ஓட்டுவோம், வெளி நிறுவனத்தில் வரிசை இருக்கும். அப்போது ஒன்றிரண்டு மாதம் என்று சொல்லிவைப்பதே நேர்மை.

11. யாரிடம், எப்போது சொல்வது

நச்சு மரபணு உள்ள காலரா போன்ற ஒன்று இருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஜீனோம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அன்றே பிசிஆர் செய்து, ஒப்பந்தத்தில் எழுதிய பொறுப்பாளரை அன்றே கூப்பிடுங்கள். எந்த இடம், எந்தத் தேதி, என்ன சோதனை, எது உறுதி, எது இன்னும் சந்தேகம் என்று ஐந்து வரி போதும். கூடவே அதே இடத்திலும் அதற்கு மேலேயும் மறுநாளே மறுபடி தண்ணீர் எடுங்கள். ஃப்ரீசரில் இருக்கும் இரண்டாவது குப்பியைத் தொடாமல் வையுங்கள், உங்கள் முடிவை உறுதிசெய்யும் மேல்நிலை ஆய்வகம் அதைத்தான் கேட்கும்.